ஜியோகேச்சிங்குக்கு ஜிபிஎஸ் கருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் தேடிப் போய், உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதி, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு வருகிறார்கள். இதுதான் ஜியோகேச்சிங். பெட்டி கிடைக்காமல் திரும்புகிறவர்கள் கருவி சரியில்லை என்றுதான் முதலில் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு கருவியில் இல்லை, அதன் அமைப்புகளில் இருக்கிறது. அதனால் எதை வாங்குவது என்பதைவிட, வாங்கியதை எப்படிச் சரிசெய்து வைப்பது என்பதற்கே இங்கே அதிக இடம்.

கைபேசி போதாதா? தனிக் கருவி எதற்கு?

ஊருக்குள் தேட கைபேசி தாராளமாகப் போதும். சிங்கப்பூர், டொராண்டோ, லண்டன் போன்ற ஊர்களில் பெட்டிகள் நெருக்கமாக இருக்கின்றன, சிக்னலும் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்ற இலவசச் செயலி, ஐபோனில் கேச்லி, இரண்டிலும் ஜியோகேச்சிங் தளத்தின் சொந்தச் செயலி என்று எதையும் பயன்படுத்தலாம். 2018-இல் வந்த ஷாவ்மி மி 8 தொடங்கி, இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் வாங்கும் கைபேசிகளும் வந்துவிட்டன. துல்லியத்தில் அவை பழைய தனிக் கருவிகளுக்குச் சளைத்தவை அல்ல.

தனிக் கருவியின் பலன் வேறு இடத்தில் தெரியும். ஏஏ பேட்டரி தீர்ந்தால் பையிலிருந்து வேறு இரண்டைப் போட்டு நடையைத் தொடரலாம். மழையில் நனைந்தாலும் பொத்தான்கள் வேலை செய்யும், ஈரத் தொடுதிரை தடுமாறும். உச்சி வெயிலில் திரை தெளிவாகத் தெரியும். பாறையில் விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காட்டில் அவசர அழைப்புக்கு வேண்டிய கைபேசியின் சார்ஜ் அப்படியே மிச்சமிருக்கும். அரை நாளுக்கு மேல் நடக்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கைபேசியோடு மட்டும் போவதானால், பெட்டி விவரங்களையும் வரைபடத்தையும் வீட்டிலேயே இறக்கி வையுங்கள். காந்தம் வைத்த உறை இருந்தால் கழற்றிவிடுங்கள், திசைகாட்டி தவறு காட்ட அதுவே காரணம்.

எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்?

திறந்த வெளியில் 3 முதல் 5 மீட்டர். அடர்ந்த மரநிழலிலும் பள்ளத்தாக்கிலும் 10 மீட்டர், சில சமயம் அதற்கு மேலும். ஆனால் தேடுகிறவர் கருவியின் பிழையோடு, ஒளித்தவர் கருவியின் பிழையும் சேர்கிறது. அவர் ஒரு பக்கம் 4 மீட்டர், நீங்கள் எதிர்ப்பக்கம் 4 மீட்டர் தவறினால், கருவித் திரையின் அம்பைப் பின்தொடர்ந்து தூரம் பூஜ்யம் என்று வரும் இடத்திலிருந்து பெட்டி 8 மீட்டர் தள்ளி இருக்கும். கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் ஒளித்தவரின் பிழையைத் திருத்த முடியாது.

திரையில் "துல்லியம் 3 மீட்டர்" என்று வருவது கருவி தானே போடும் ஒரு மதிப்பீடு, உத்தரவாதம் அல்ல. பாறைச் சுவரில் எதிரொலித்த சிக்னலை நம்பிக்கொண்டு, 15 மீட்டர் தவறிய நிலையிலும் அது 3 என்றே காட்டக்கூடும்.

இந்த அளவு துல்லியம் பொதுமக்களுக்குக் கிடைத்ததே 2000 மே 2-ஆம் தேதிதான். அதுவரை அமெரிக்க அரசு பொதுச் சிக்னலில் வேண்டுமென்றே ஏறக்குறைய 100 மீட்டர் வரை பிழையைக் கலந்து வந்தது. அது நிறுத்தப்பட்ட மறுநாள், மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஒரிகான் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை ஒளித்து வைத்து எண்களை இணையக் குழுவில் அறிவித்தார். வடக்கு 45° 17.460′, மேற்கு 122° 24.800′. இன்று அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. இந்த எண்களையே கீழே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

வாங்கியதும் முதலில் மாற்ற வேண்டிய அமைப்புகள் எவை?

முதலில் எண் வடிவம். 'பொசிஷன் ஃபார்மட்' என்ற இடத்தில் டிகிரி, அதன்பின் மூன்று தசம இடம் கொண்ட நிமிடம் என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். 17.460 என்பது பதினேழு நிமிடமும், ஒரு நிமிடத்தின் ஆயிரத்தில் 460 பங்கும். இதை 17 நிமிடம் 46 விநாடி என்று படித்து உள்ளிட்டால், வடக்கே 550 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள். டிகிரியாகவே நினைத்து 45.17460 என்று உள்ளிட்டால் தெற்கே ஏறக்குறைய 13 கிலோமீட்டர் விலகிவிடும். சரியான தசம டிகிரி 45.29100. நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் அது வரும். வரைபடத் தளங்களுக்கு எண்களைக் கொண்டுபோகும்போது இந்தக் கணக்கு தேவைப்படும்.

கடைசி இலக்கம் ஒன்று மாறினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அட்சரேகையில் 0.001 நிமிடம் எங்கும் ஏறத்தாழ 1.85 மீட்டர். தீர்க்கரேகையில் அது இடத்துக்கு இடம் மாறும்: சென்னையில் 1.8 மீட்டர், பீவர்கிரீக்கில் 1.3 மீட்டர். கையால் உள்ளிட்ட எண்களை ஒருமுறை உரக்கப் படித்துச் சரிபாருங்கள். கிழக்கு, மேற்கையும் பாருங்கள்.

இரண்டாவது, டேட்டம். அது டபிள்யூஜிஎஸ் 84 ஆகவே இருக்க வேண்டும். டேட்டம் என்பது பூமியின் வடிவத்துக்கு எந்தக் கணித மாதிரியைக் கொள்கிறோம் என்பது. பழைய அமெரிக்கத் தாள் வரைபடங்களுக்கான நாட் 27-ஐத் தேர்ந்தெடுத்தால் ஒரிகான் பக்கம் ஏறக்குறைய 100 மீட்டர் தவறும். பழைய இந்திய நிலஅளவைத் தாள்கள் எவரெஸ்ட் மாதிரியில் வரையப்பட்டவை, அவற்றுக்கான டேட்டத்தை வைத்தால் விலகல் 100 மீட்டரையும் தாண்டும். பழைய வரைபடத்தோடு ஒப்பிட யாரோ மாற்றிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். இரவல் கருவியில் இதை முதலில் பாருங்கள்.

மூன்றாவது, வழிகாட்டல். அது 'டைரக்ட்' அல்லது 'ஆஃப் ரோடு' என்று இருக்கட்டும். கார் வழிகாட்டலில் விட்டால் பெட்டிக்கு மிக அருகிலுள்ள சாலையில் கொண்டுபோய் "வந்துவிட்டீர்கள்" என்று நிறுத்திவிடும். கூடவே 'லாக் ஆன் ரோடு' என்பதை அணைத்துவிடுங்கள். இது இயங்கினால், நீங்கள் சாலையிலிருந்து 15 மீட்டர் உள்ளே நின்றாலும் கருவி உங்களைச் சாலைமேலேயே ஒட்டிக் காட்டும். கையில் இருப்பது நல்ல கருவி, வானமும் திறந்திருக்கிறது, அப்படியும் ஒரே பக்கமாகத் தவறுகிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியாக, செயற்கைக்கோள் அமைப்பு. ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ் அல்லது ஐரோப்பாவின் கலிலியோவையும் சேர்த்து இயக்குங்கள். மரங்களுக்கிடையே வானத்தின் ஒரு துண்டு மட்டும் தெரியும்போது, அந்தத் துண்டில் எத்தனை செயற்கைக்கோள்கள் இருக்கின்றன என்பதுதான் முக்கியம்.

எந்தக் கருவியை வாங்கலாம்?

இந்த விளையாட்டில் அதிகம் புழங்குவது கார்மின் கருவிகள். பெட்டி விவரம், குறிப்பு, முந்தைய பதிவுகள் எல்லாவற்றையும் திரையிலேயே படிக்கும் வசதி அவற்றில் பலவற்றில் உண்டு.

இட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் 2019-இல் வந்தவை. இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும், வண்ணத் திரை, 8 ஜிபி நினைவகம், மைக்ரோ எஸ்டி அட்டை போட இடம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். 32எக்ஸில் மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் கூடுதல். உயரமானி இந்த விளையாட்டுக்குத் தேவையில்லை, திசைகாட்டி தேவை. அதற்காகவே 32எக்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. இட்ரெக்ஸ் எஸ்இ கறுப்பு வெள்ளைத் திரை கொண்டது, வரைபடம் கிடையாது. ஆனால் இரண்டு ஏஏ பேட்டரியில் 168 மணி நேரம் ஓடும். கைபேசியோடு இணைத்துப் பெட்டி விவரங்களை வாங்கிக்கொள்ளலாம். கைபேசியில் வரைபடம் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது நல்ல தேர்வு.

அடர்ந்த காட்டிலும் மலை இடுக்கிலும் அதிகம் தேடுகிறவர்கள் ஜிபிஎஸ்மேப் வரிசையைப் பார்க்கலாம். தலையில் குட்டையான குழல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா, கருவியைச் செங்குத்தாகப் பிடித்தாலும் சிக்னலை நன்றாக வாங்கும். இட்ரெக்ஸின் தட்டையான ஆன்டெனா, முகம் வானத்தைப் பார்த்திருந்தால்தான் முழுத் திறனோடு இயங்கும். ஜிபிஎஸ்மேப் 65எஸ் இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கிறது, ஏஏ பேட்டரியில் 16 மணி நேரம் ஓடும். ஜிபிஎஸ்மேப் 67 உள்ளேயே பேட்டரி கொண்டது, 180 மணி நேரம் வரை தாங்கும். ஆனால் வழியில் பேட்டரியை மாற்ற முடியாது.

இரண்டு அலைவரிசையால் உண்மையில் பலன் உண்டா?

உண்டு. சாதாரணக் கருவி 1575.42 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை மட்டும் கேட்கிறது. புதியவை 1176.45 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்துக் கேட்கின்றன. வானின் அயனி மண்டலம் இரண்டையும் வெவ்வேறு அளவில் தாமதப்படுத்தும். அந்த வித்தியாசத்தைக் கொண்டு தாமதத்தைக் கணக்கிட்டு நீக்கிவிடலாம். தவிர, இரண்டாவது சிக்னலின் குறியீடு பத்து மடங்கு வேகமானது, ஆகவே சுவரில் பட்டு வரும் எதிரொலியை நேர்ச் சிக்னலிலிருந்து பிரித்தறிவது எளிது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தேடுகிறவர்களுக்கு இது கூடுதலாக உதவும். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததே அதனால்தான். இந்தப் பகுதியில் அயனி மண்டலக் கொந்தளிப்பு அதிகம். அந்தி சாய்ந்த பின் சில மணி நேரம் எண்கள் காரணமின்றித் தடுமாறினால், கருவியைக் குறை சொல்லாமல் காலையில் மறுபடி பாருங்கள்.

அம்பு ஏன் சுற்றிச் சுற்றி ஓடுகிறது?

மின்னணுத் திசைகாட்டி இல்லாத கருவி, நீங்கள் நடக்கும் திசையை வைத்தே வடக்கைக் கணிக்கிறது. நின்றுவிட்டால் அதற்குத் திசை தெரியாது, சில மீட்டர் நிலைப் பிழையையே நடையாக நினைத்து அம்பைச் சுழற்றும். 10 அடி எடுத்து நேராக நடங்கள், அம்பு நிலைப்படும்.

திசைகாட்டி உள்ள கருவி நின்றாலும் சரியாகக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் அளவுதிருத்தம் செய்யுங்கள்: கார், இரும்பு வேலி, கைபேசி எல்லாவற்றிலிருந்தும் விலகி நின்று, திரை சொல்லும்படி கருவியை மூன்று அச்சுகளிலும் மெதுவாகச் சுழற்றுங்கள். பேட்டரி மாற்றிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும், பேட்டரியின் இரும்புக் கூடே காந்தப்புலத்தை மாற்றுகிறது. வெகுதூரம் பயணம் போய் இறங்கியதும் இன்னொரு முறை.

நின்ற இடத்தில் தூரம் 4 மீட்டர், 11 மீட்டர், 6 மீட்டர் என்று குதித்தால் அது எதிரொலி. ஈர இலைகள் சிக்னலை விழுங்கும், பாறையும் கட்டடமும் அதைத் திருப்பி அடிக்கும். கருவியை உடலை விட்டு நீட்டி, வானம் தெரியும் பக்கமாகப் பிடித்து இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள்.

பெட்டிக்கு அருகில் போனதும் எப்படித் தேடுவது?

வேகமாக நடந்து வந்தால் எண்கள் சற்றுப் பின்தங்கியே வரும். 30 மீட்டரில் நடையைக் குறையுங்கள். தடுமாற்றம் அதிகமாக இருந்தால் ஒரே பக்கமிருந்து நெருங்காதீர்கள். 30 மீட்டர் தள்ளி, வானம் திறந்த ஓரிடத்தில் நின்று அம்பு காட்டும் நேர்கோட்டில் ஒரு மரத்தையோ பாறையையோ குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நகர்ந்து வேறொரு இடத்திலிருந்தும் அப்படியே செய்யுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டுமிடம், மரத்தடியில் நின்று பார்க்கும் பூஜ்யத்தைவிட நம்பகமானது.

10 மீட்டருக்குள் வந்ததும் கருவியைப் பையில் போட்டுவிடுங்கள். இனிக் கண்தான். பெட்டியின் அளவு தளத்தில் அதற்கான பக்கத்தில் கொடுக்கப்பட்டிருக்கும்: 100 மில்லிலிட்டருக்குக் குறைந்தது மைக்ரோ, அதிலிருந்து 1 லிட்டர் வரை ஸ்மால், 20 லிட்டர் வரை ரெகுலர், அதற்கு மேல் லார்ஜ். ரெகுலர் பெட்டியை மரப்பட்டை இடுக்கில் தேடிப் பயனில்லை. இடத்தை அடைவது எவ்வளவு கடினம் என்று சொல்லும் நிலப்பரப்புக் குறி 1 என்றால் சக்கர நாற்காலியிலும் எட்டக்கூடிய இடம், மரமேறத் தேவையில்லை. மண்ணைத் தோண்டாதீர்கள், தோண்டிப் புதைப்பதை விதிகள் அனுமதிப்பதில்லை. இயல்புக்கு மாறாக அடுக்கிய குச்சிகள், இடம் மாறிய கல், தேய்ந்த புல் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

பெட்டிகளைக் கருவிக்குள் எப்படி ஏற்றுவது?

கட்டண உறுப்பினர்கள் தளத்தில் 'பாக்கெட் குவெரி' அமைத்து, ஒரு முறைக்கு 1000 பெட்டிகள் வரை ஒரே கோப்பாக இறக்கலாம். வந்த ஜிப் கோப்பைப் பிரித்து, உள்ளிருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பைக் கருவியின் கார்மின் அடைவுக்குள் உள்ள ஜிபிஎக்ஸ் அடைவில் போடுங்கள். பிரிக்காமல் போட்டால் ஒன்றும் தெரியாது. எல்ஓசி என்ற இன்னொரு வகைக் கோப்பில் பெயரும் எண்ணும் மட்டுமே இருக்கும், விவரமும் குறிப்பும் வராது.

கேபிளைச் சொருகியும் கணினியில் கருவி தெரியவில்லையா? சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கலாம், தரவு செல்லும் கம்பி அதில் இருக்காது. வேறு கேபிளை முயலுங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது புது பேட்டரி போட்டுத் தொடங்குங்கள், பாதியில் அணைந்தால் கருவி திறக்காமல் போகலாம்.

வரைபடம் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

வேண்டாம். தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து செய்த கார்மின் வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபேட் 32 முறையில் வடிவமைத்த அட்டையில், கார்மின் என்ற பெயரில் ஓர் அடைவு திறந்து கோப்பை அதில் போட்டால் போதும்.

எந்த பேட்டரி நல்லது?

அன்றாடத்துக்கு, சார்ஜ் இழப்பு குறைந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ, சுமார் 2000 மில்லிஆம்பியர் மணி. அமைப்பில் பேட்டரி வகையை அதற்கேற்ப மாற்றுங்கள். இவை 1.2 வோல்ட் என்பதால், ஆல்கலைன் என்று விட்டால் சார்ஜ் இருக்கும்போதே தீர்ந்ததாகக் காட்டும். உறைபனியில் மறுசார்ஜ் ஆகாத லித்தியம் ஏஏ சிறந்தது, எடையும் குறைவு. ஆல்கலைன் குளிரில் சோர்ந்துவிடும், கருவிக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் கசிந்து முனைகளை அரிக்கும்.

பையில் வேறென்ன வேண்டும்?

பேனா இரண்டு. பெட்டிக்குள் இருக்கும் பேனாவை நம்ப முடியாது. சுண்டுவிரல் நுனி அளவு டப்பாவிலிருந்து சுருட்டிய தாளை எடுக்க, முனை தட்டையான சாமணம். பாலத்தின் அடிப்பகுதியைப் பார்க்கச் சிறு கண்ணாடி, தலையில் மாட்டும் விளக்கு, தோல் கையுறை, உலர்ந்த மாற்றுத் தாள், ஜிப் பூட்டுப் பைகள் சில. பொந்துக்குள் கையை விடுமுன் குச்சியால் தட்டிப் பாருங்கள். பாம்போ தேளோ குளவியோ இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஒரிகான் பக்கம் போனால் தொட்டாலே கொப்புளம் தரும் பாய்சன் ஓக் செடியை அடையாளம் தெரிந்துகொண்டு போங்கள், முழுக்கால்சட்டை அணியுங்கள்.

"இங்கிருந்து 135 டிகிரியில் 220 மீட்டர்" என்று ஒரு புதிர் சொன்னால்?

இடத்தைச் சேமித்து, 'புராஜெக்ட் வேபாயின்ட்' என்பதில் கோணத்தையும் தூரத்தையும் கொடுத்தால் புதுப் புள்ளி கிடைக்கும். கோணம் உண்மை வடக்கிலிருந்தா காந்த வடக்கிலிருந்தா என்பதைப் பாருங்கள். சென்னையில் இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. சியாட்டில் பக்கம் 15 டிகிரிக்கு அருகில், 220 மீட்டரில் அது 55 மீட்டருக்கு மேல் தள்ளிவிடும்.

பழைய கருவியை வாங்கலாமா?

வாங்கலாம். பேட்டரி அறையைத் திறந்து பச்சைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான்களின் ரப்பர் கிழிந்திருந்தால் நீர்க்காப்பு போய்விட்டது என்று பொருள். வெளியே கொண்டுபோய் இயக்கித் தேதியையும் பாருங்கள். ஜிபிஎஸ்ஸின் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் திரும்பியது. புதுப்பிக்காத பழைய கருவி தேதியை ஏறக்குறைய 20 ஆண்டு பின்னால் காட்டலாம். இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நெடுநாள் அணைந்து கிடந்த கருவி முதல்முறை இடம்பிடிக்க நேரமாகும். செயற்கைக்கோள் விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் பேசுகிறது, முழு அட்டவணை வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். திறந்த வெளியில் அசையாமல் வைத்திருங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டு வரும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இன்ரீச் வசதி உள்ள கருவிகளைக் கொண்டு வராதீர்கள். ஜிபிஎஸ்மேப் 66i, 67i போன்றவை செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பக்கூடியவை. அரசின் முன் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது சட்டவிரோதம், வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையவும் கூடாது.

நானே ஒரு பெட்டி வைக்கிறேன். எண்ணை எப்படி எடுப்பது?

கருவியைப் பெட்டியின் மேலேயே வைத்து, சில நிமிடம் நிலைப்பட விட்டு, பல அளவுகளின் சராசரியைத் தரும் 'வேபாயின்ட் ஆவரேஜிங்' மூலம் அளவெடுங்கள். குறைந்தது 90 நிமிடம் கழித்து மறுபடி, முடிந்தால் வேறொரு நாளும் எடுங்கள். இடைவெளி விடாமல் பத்து முறை எடுத்தால் அதே செயற்கைக்கோள்கள் தரும் அதே பிழைதான் திரும்பத் திரும்பப் பதியும். பிறகு 100 மீட்டர் நடந்து போய், வந்த எண்ணை வைத்து நீங்களே தேடிப் பாருங்கள். வேறொரு பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

உள்ளே தெரியும் டப்பாவாக இருக்கட்டும், வெளியே ஜியோகேச் என்று எழுதுங்கள். ரயில் நிலையம், பாலம், ராணுவ இடம் அருகே வைத்தால் வெடிகுண்டு சந்தேகத்தில் காவல்துறை வரும். உணவுப் பொருள் வைக்காதீர்கள், எறும்பு மொய்க்கும், எலி டப்பாவையே கடித்துவிடும். இட உரிமையாளரின் சம்மதம் கட்டாயம்.

எல்லாம் செய்தும் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

தளத்தில் பெட்டிக்கான பக்கத்தில் கடைசிப் பதிவுகளைப் பாருங்கள். மூன்று நான்கு பேர் தொடர்ந்து கிடைக்கவில்லை என்றால் பெட்டியே போயிருக்கலாம். முன்பு கண்டுபிடித்தவர் யாராவது "எனக்கு இந்த எண்ணில் இருந்தது" என்று திருத்திய எண் கொடுத்திருந்தால் அதை உள்ளிட்டுத் தேடுங்கள். அப்படியும் இல்லையென்றால் "கிடைக்கவில்லை" என்று தவறாமல் பதிவு போடுங்கள். எவ்வளவு நேரம், எந்தப் பக்கமெல்லாம் பார்த்தீர்கள், கருவி எத்தனை மீட்டர் தடுமாறியது என்பதையும் எழுதுங்கள். பெட்டி வைத்தவர் வந்து பார்ப்பது அந்தப் பதிவைப் படித்துத்தான்.